ஐம்பத்தஞ்சா, அறுபதா? கல்பாத்தியில் ஒரு பென்ஷன் சரித்திரம்

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆபீஸில் ஆணி அதிகம். இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அண்ணா பையன்.

2025 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, காபி டம்ளரைக் கையில் எடுக்கிற நேரம் பார்த்து புனேயிலிருந்து கூப்பிட்டான். மத்திய அரசு வேலை. 2014-ல் சேர்ந்தவன்.

"சித்தப்பா, முப்பதாம் தேதிக்குள்ள சொல்லணுமாம். என்பிஎஸ்லயே இருக்கறதா, யுபிஎஸ்ஸுக்கு மாறறதான்னு. அப்பாகிட்ட கேட்டேன். 'என் பென்ஷனே காப்பிப்பொடிக்குத்தான் காணும், என்கிட்ட கேக்கறயே'ங்கறார்."

என்னிடம் கேட்டு என்ன? நியூஜெர்சியில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் குப்பை கொட்டுகிறேன். எனக்கும் அரசாங்கப் பென்ஷன் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் பிறந்து வளர்ந்தது பென்ஷன்காரர்கள் தெருவில். திண்ணைக்குத் திண்ணை வெற்றிலைச் செல்லமும் ஹிந்து பேப்பருமாக உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு மாமாக்களைப் பார்த்துத்தான் நான் எண்ணவே கற்றுக்கொண்டேன். எங்கள் ஒரு குடும்பத்தை வரிசையாக நிறுத்தினாலே இந்திய ஓய்வூதியச் சரித்திரம் முக்கால்வாசி வந்துவிடும். அதைத்தான் அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஊரைத் தெரியாதவர்களுக்கு. கல்பாத்தி பாலக்காட்டில் ஆற்றங்கரை அக்ரஹாரம். விசுவநாத ஸ்வாமி கோவில் 15-ஆம் நூற்றாண்டில் கட்டியது. காசிக்குப் போய் வந்த லக்ஷ்மி அம்மாள் லிங்கம் கொண்டுவந்து எழுப்பியது என்று சொல்வார்கள். 'காசியில் பாதி கல்பாத்தி' என்பது எங்களூர்ப் பெருமை. புதிய கல்பாத்தி, பழைய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று நாலு கிராமம். நவம்பர் நடுவில் தேர். உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் அந்த மூன்று நாளுக்கு மனசு அங்கேதான் போய் நிற்கும்.

அந்தக் காலத்தில் பல குடும்பங்களுக்குச் சாப்பாடு வந்தது நிலத்திலிருந்து. குடியானவர்கள் அளக்கிற பாட்ட நெல். கூடவே, பத்தாவது பாஸ் பண்ணின பையன்கள் சுருக்கெழுத்தும் டைப்பும் படித்துக்கொண்டு மதராஸ், பம்பாய், டெல்லி என்று ரயிலேறினார்கள். கணக்கும் இங்கிலீஷும் தெரிந்த பாலக்காட்டுக்காரனுக்குக் கணக்குத் தணிக்கை ஆபீஸில் ஒரு நாற்காலி கிடைக்கும் என்ற நம்பிக்கை. என் தாத்தா அப்படிப் போனவர்தான். 1898-ல் பிறந்தவர். மதராஸில் மத்திய அரசின் தணிக்கைத் துறையில் குமாஸ்தா.

தாத்தா காலத்துப் பென்ஷனைப் புரிந்துகொள்ள 1871-க்குப் போக வேண்டும். அந்த வருஷம்தான் வெள்ளைக்காரன் பென்ஷன்கள் சட்டம் போட்டான். அதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. கடன் கொடுத்தவன் கோர்ட்டுக்குப் போனாலும் பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது. அதே சமயம், பென்ஷன் என்பது சர்க்கார் மனமிரங்கிக் கொடுப்பது, உரிமை இல்லை என்ற எண்ணம்தான் அன்றைக்கு. வாலைச் சுருட்டிக்கொண்டு வேலை பார்த்தவனுக்கு எஜமான் தருகிற சன்மானம் மாதிரி.

வெளியுலகத்திலும் அப்போதுதான் இந்தப் பேச்சு ஆரம்பம். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-ல் தொழிலாளர்களுக்கு முதுமை ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது வயது வரம்பு 70. அது 65 ஆனது 1916-ல். இங்கிலாந்தில் 1908 சட்டத்தின்படி 70 வயது தாண்டிய ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங். அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் 1935-ல் கையெழுத்துப் போட்ட சோஷியல் செக்யூரிட்டிக்கு 65. இதிலெல்லாம் சாதாரண ஜனங்களும் உண்டு. நம்மூரில் பென்ஷன் என்றால் சர்க்கார் உத்தியோகஸ்தனுக்கு மட்டும். இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

தாத்தா எத்தனை வயதில் ரிட்டயர் ஆனார்? 55 என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பொது விதி அதுதான். ஆனால் 1938 மார்ச் 31-க்கு முன்னாலிருந்தே வேலையில் இருந்த குமாஸ்தா வகையினருக்கு, உடம்பும் வேலையும் சரியாக இருந்தால் 60 வரை வைத்துக்கொள்ளலாம் என்று விதி. தாத்தா 60 வரை இருந்து 1958-ல் ஊர் திரும்பினார். அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கு 55. 1962 டிசம்பரில் மத்திய அரசு அதை 58 ஆக்கியது. 1998 மே மாதம் 60. ஆக, அறுபதில் ஆரம்பித்து ஒரு சுற்று சுற்றி மறுபடி அறுபதிலேயே வந்து நிற்கிறோம்!

தாத்தா எட்டு வருஷம் பென்ஷன் வாங்கினார். 1966-ல் போய்விட்டார். பாட்டிக்கு அப்போது 58.

இங்கேதான் கதை ஆரம்பம்.

புருஷன் போனால் பெண்டாட்டிக்குப் பென்ஷன் என்பது இன்றைக்கு நமக்குச் சர்வ சாதாரணம். அது எப்போதும் இருந்ததில்லை. 1950-ல் வந்த விதிகளில் குடும்ப ஓய்வூதியம் என்று ஒன்று இருந்தது. ஆனால் அது குறிப்பிட்ட சில வருஷத்துக்கு மட்டும், அதுவும் ரிட்டயர் ஆன தேதியிலிருந்து கெடு வைத்து. தாத்தா போனபோது அந்தக் கெடு தாண்டிவிட்டது. ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் என்ற திட்டம் வந்தது 1964 ஜனவரி 1 முதல். அதுவும் அன்றைக்கு வேலையில் இருந்தவர்களுக்கும் பிறகு சேர்ந்தவர்களுக்கும்தான். அவர்கள் பங்குக்கு இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமமான பணிக்கொடையை விட்டுக்கொடுக்க வேண்டும். முன்னமே ரிட்டயர் ஆனவர்களின் சம்சாரங்கள்? அவர்கள் கணக்கிலேயே இல்லை.

எங்கள் தெருவில் பாட்டி மாதிரி இன்னும் பல பேர். முப்பது நாற்பது வருஷம் டெல்லியிலும் பம்பாயிலும் புருஷனுக்குச் சமைத்துப் போட்டு, ஊர் திரும்பி, அவர் போனதும் சல்லிக்காசு இல்லாமல் நின்றவர்கள். எங்கள் பாட்டிக்குப் பாட்ட நெல் கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. 1970 ஜனவரி 1-ல் கேரளத்தில் நிலச் சீர்திருத்தம் அமலுக்கு வந்து அதுவும் நின்றது.

அந்தச் சட்டம் அநியாயம் என்று எங்கள் அகத்தில் நிறையப் புலம்பிக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு யோசித்தால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. உழுதவனுக்கு நிலம் போனது, குடிகிடப்புக்காரனுக்கு வீடு நின்ற மண்ணில் பத்து சென்ட் உரிமை வந்தது. உட்கார்ந்து சாப்பிட்ட நெல் எத்தனை நாள்தான் வரும்? ஆனால் பாட்டியின் அடுப்பும் நிஜம்தானே. அப்பளம் இட்டு விற்றாள். கல்யாண வீடுகளுக்கு முறுக்கு சுற்றினாள். மீதிக்கு அப்பாவின் சம்பளம். மகன் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். ஆனாலும் கோவில் உண்டியலில் நாலணா போட மகனிடமோ மாட்டுப்பெண்ணிடமோ கேட்க வேண்டியிருந்தது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. முறுக்குக் காசைத் தனி டப்பாவில் போடுவாள், அவ்வளவுதான்.

1980-ல் ஒரு நாள். எனக்குப் பத்து வயது. முன்பு எங்கள் நிலத்தில் நாற்று நட்ட ஒரு கிழவி வந்திருந்தாள். கொல்லைப்புற வழியாகத்தான் வருவாள். அந்த வெட்கக்கேட்டை மறைத்து எழுத விரும்பவில்லை. கையில் மணியார்டர் ரசீது. அந்த வருஷம்தான் நாயனார் ஆட்சியில் விவசாயத் தொழிலாளர் பென்ஷன் ஆரம்பித்தார்கள். மாதம் 45 ரூபாய். சர்க்கார் ஆபீஸ் வாசலை மிதிக்காத, கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்திக்குச் சர்க்கார் பணம்! முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்காருக்கு உழைத்தவரின் பெண்டாட்டிக்கு ஒன்றும் இல்லை.

அம்மா கொஞ்சம் பொருமினாள். பாட்டி பொருமவில்லை. அவள் போன பிறகு அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"நாப்பத்தஞ்சு ரூவாதான்டா. ஆனா அது அவ பேர்ல வரதாக்கும்."

அப்பா அன்றைக்கு ராத்திரியே மனு எழுத ஆரம்பித்தார். முதல் மனு இல்லை அது. நாலாவதோ ஐந்தாவதோ. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: 'விதிகளில் இடமில்லை'.

இடம் எப்படி வந்தது என்பதுதான் சரித்திரத்தில் முக்கியமான கட்டம். 1979-ல் மத்திய அரசு பென்ஷன் கணக்கைத் தாராளமாக்கியது. முன்பு கடைசி 36 மாதச் சம்பளச் சராசரி, இப்போது கடைசி 10 மாதச் சராசரி. உச்சவரம்பும் உயர்ந்தது. ஆனால் 1979 மார்ச் 31 அன்றும் அதற்குப் பிறகும் ரிட்டயர் ஆகிறவர்களுக்குத்தான். ஒரே மேஜையில் ஒரே வேலை பார்த்த இரண்டு பேரில் ஒருவர் முதல் மாதம் ஓய்வு பெற்றதால் ஆயுசு முழுக்கக் குறைவாக வாங்க வேண்டியது. பாதுகாப்புத் துறையில் நிதி ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்ற டி.எஸ்.நகாரா உச்ச நீதிமன்றம் போனார். 'காமன் காஸ்' அமைப்பும் சேர்ந்துகொண்டது. 1982 டிசம்பர் 17-ல் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகள் அமர்வு. பென்ஷன் தர்மமும் அல்ல, எஜமானின் தயவும் அல்ல. செய்த வேலைக்கான உரிமை. தேதியைக் கோடாகக் கிழித்து ஓய்வூதியர்களை இரண்டு ஜாதியாகப் பிரிக்க முடியாது. சாராம்சம் இதுதான். இன்றைக்கும் டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அந்தக் கதவு திறந்த பிறகு விதவைகள் உள்ளே வந்தார்கள். பூனமாள் என்ற பெண்மணியும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 1964 திட்டத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களின் குடும்பத்துக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு, அதுவும் 1977 செப்டம்பர் 22 முதல் கணக்கிட்டு. அதென்ன அந்தத் தேதி என்றால், இரண்டு மாதப் பணிக்கொடையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்தது அன்றிலிருந்துதான். அந்த நிபந்தனையே போன பிறகு பழையவர்களை ஒதுக்க என்ன நியாயம்?

அப்பா பேப்பரில் படித்துவிட்டு ஆபீஸிலிருந்து பாதி நாளில் ஓடி வந்தார். மனு போட வேண்டும், தாத்தாவின் பென்ஷன் உத்தரவு நம்பர் வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வருஷம் கழித்து எங்கே தேடுவது? பாட்டி ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். பூஜை அலமாரியில் பித்தளைச் சம்புடம். அதற்குள் தாத்தாவின் பூணூல் மோதிரம், மஞ்சள் துணியில் சுற்றின பென்ஷன் புஸ்தகத்தின் பாதி. (இந்த உத்தரவுக்கு இரண்டு பாதி. ஒன்று பணம் கொடுக்கிற இடத்தில், ஒன்று வாங்குகிறவர் கையில்.)

"அவர் எழுத்து இருக்கே, அதான் எடுத்து வெச்சேன்" என்றாள்.

1986-ல் நிலுவையோடு வந்தது. பாட்டிக்கு 78 வயது. கையெழுத்துப் போடும்போது கை நடுங்கினது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாலாவது சம்பளக் கமிஷன்படி 1986 ஜனவரி 1 முதல் குறைந்தபட்சப் பென்ஷன் 375 ரூபாய். அது பிறகு 1996-ல் 1,275, 2006-ல் 3,500, 2016-ல் 9,000 என்று ஏறியது. பாட்டி 375-ஐயும் பஞ்சப்படியையும்தான் பார்த்தாள். 1995-ல் போகும்வரை மாதா மாதம் மணியார்டர் ரசீதை அந்தச் சம்புடத்திலேயே போட்டு வைத்தாள்.

இனி அப்பா கதை. அவர் கேரள அரசு ஊழியர். 1938 நவம்பரில், தேர் மூன்றாம் நாள் பிறந்தவர். 'தேர் நிலைக்கு வரும்போது நீயும் வந்தாய்' என்று பாட்டி சொல்வாள். ஆனால் சர்ட்டிபிகேட்டில் மே 1938. ஏன்? 1943 ஜூனில் ஒண்ணாம் கிளாஸில் சேர்க்க ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். ஹெட்மாஸ்டர் கேட்டார், கூட்டிக்கொண்டு போன மாமா 'மே மாசம்னு போட்டுக்கோங்கோ' என்றார். முடிந்தது. கேரளத்தில் இப்படி மே மாதம் 'பிறந்தவர்கள்' எக்கச்சக்கம். அதனால்தான் அங்கே வருஷா வருஷம் மே 31 அன்று ஆயிரக்கணக்கான பேர் மொத்தமாக ரிட்டயர் ஆவார்கள். ஒரு மாமா வாய்தவறிச் சொன்னது ஐம்பது வருஷம் கழித்து ஆறு மாதச் சம்பளத்தைத் தின்றது. 1993 மே 31, அப்பாவுக்கு அரசாங்கக் கணக்கில் 55 முடிந்து வீட்டுக்கு வந்தார்.

அடுத்த அகத்து மாமாவும் அப்பாவும் ஒரே வயது, ஒரே வகுப்பு. மாமா ஒலவக்கோட்டில் ரயில்வே. மத்திய அரசு என்பதால் 58, 1996 வரை போனார். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் 55, அந்தப் பக்கம் 58. அப்பா காலையில் திண்ணையில் உட்கார்ந்து மாமா சைக்கிளை எடுப்பதை மூன்று வருஷம் பார்த்தார்.

கேரளம் ஏன் 55-ஐ விடவில்லை? எங்கள் அகத்துக்குள்ளேயே பதில் இருந்தது. அண்ணா அப்போது பிஎஸ்சி ரேங்க் லிஸ்டில். லிஸ்டுக்கு ஆயுசு உண்டு. அதற்குள் இடம் காலியானால் வேலை, இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து பரீட்சை. 58 ஆக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இளைஞர் சங்கங்கள் கட்சி பேதமில்லாமல் தெருவில் இறங்கும். ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார், "அம்பத்தெட்டு ஆக்கினா நன்னாயிருக்கும். எனக்கு என்ன கேடு, இன்னும் பத்து வருஷம் வேலை பார்ப்பேன்." அண்ணா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆக்கட்டும்ப்பா. நீங்கோ போங்கோ. நான் திண்ணையில உக்காந்துக்கறேன்."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் அகத்தில் எழவில்லை.

இருவர் சொன்னதும் நியாயம். இதுதான் இந்த விஷயத்தின் கஷ்டமே. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் இந்தியனின் சராசரி ஆயுள் 32 வருஷம் அளவுதான். (குழந்தைச் சாவு அதிகம் என்பதால் சராசரி அப்படிக் கீழே இருந்தது. 55-ஐத் தொட்டவர் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் இருப்பார்.) இன்றைக்குக் கேரளத்தில் அது 75 பக்கம். 22 வயதில் சேர்ந்து 33 வருஷம் வேலை பார்த்தவர் அதே அளவு காலம் பென்ஷன் வாங்கக் கூடும். கஜானா தாங்குமா என்று கேட்பதில் தப்பில்லை. படித்த பிள்ளை வேலையில்லாமல் நிற்கிறானே என்று கேட்பதிலும் தப்பில்லை.

இந்த இழுபறி கேரளத்துக்கு மட்டும் சொந்தமில்லை. உத்தரப் பிரதேசம் 1957-ல் 55-ஐ 58 ஆக்கி 1961-ல் திருப்பிக் குறைத்தது. ஆந்திரத்தில் 1979-ல் 58 ஆனதை 1983-ல் என்.டி.ராமாராவ் ஆட்சிக்கு வந்த கையோடு 55 ஆக்கினார். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நாளில் வீட்டுக்கு. ஓய்வு வயதை மாற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிறகு மறுபடி 58 ஆனது. தமிழ்நாட்டில் வெகுகாலம் 58-ஆக இருந்தது 2020 மே மாதம் 59, 2021-ல் 60.

கேரளத்தில் 2009-ல் தாமஸ் ஐசக் ஒரு வழி கண்டுபிடித்தார். வயதை ஏற்றவில்லை, வருஷத்தில் எப்போது 55 முடிந்தாலும் மார்ச் 31 வரை இருக்கலாம். 2012 மார்ச் பட்ஜெட்டில் கே.எம்.மாணி அதை எடுத்துவிட்டு 56 ஆக்கினார். அதற்கும் போராட்டம். 2013 ஏப்ரல் 1 முதல் சேர்கிறவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம், வயது 60. பழையவர்களுக்கு 56-தான். 2021-ல் சம்பளக் கமிஷன் 57 ஆக்கச் சொன்னது, நடக்கவில்லை. 2022-ல் பொதுத்துறை நிறுவனங்களுக்கு 60 என்று உத்தரவு போட்டு, இளைஞர்கள் கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். அண்ணாவின் அந்த ராத்திரிப் பதில் இன்றும் கேரளத் தெருவில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

அண்ணாவின் லிஸ்ட் அப்பா ரிட்டயர் ஆவதற்கு முன்னாலேயே காலாவதியானது. பாட்டி தன் பென்ஷன் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதில்தான் பம்பாய்க்கு டிக்கெட். தனியார் கம்பெனி. 1995 நவம்பர் 16-ல் வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம் அவனுக்கு உண்டு. ஆனால் அதில் பென்ஷனுக்குக் கணக்கிடும் சம்பளத்துக்கு உச்சவரம்பு: முதலில் 5,000, 2001-ல் 6,500, 2014-ல் 15,000. முப்பது வருஷம் உழைத்தாலும் கையில் வருவது மாதம் சில ஆயிரம்தான். விலைவாசி ஏறினால் கூட ஏறாது. காப்பிப்பொடி என்று அவன் சொன்னது அதைத்தான்.

இப்போது பையனின் கேள்வி. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசில் (ராணுவம் தவிர) சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை. தமிழ்நாடு அதற்கும் முந்தி, 2003 ஏப்ரல் 1-லேயே நிறுத்திவிட்டது. புதிய திட்டத்தில் ஊழியர் 10 சதவீதம் போடுவார், அரசும் 10 போடும். 2019 ஏப்ரலில் மத்திய அரசு தன் பங்கை 14 ஆக்கியது. பணம் சந்தையில் வளரும். கடைசியில் 60 சதவீதம் வரை கையில், மீதியில் ஆண்டுத்தொகை வாங்க வேண்டும். எவ்வளவு வரும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். ராஜஸ்தான், சத்தீஸ்கர், இமாச்சல் மாநிலங்கள் 2022-23-ல் பழைய திட்டத்துக்கே திரும்பின. அதன் பிறகு மத்திய அரசு 2024 ஆகஸ்டில் அறிவித்து 2025 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்ததுதான் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம். 25 வருஷம் வேலை பார்த்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி நிச்சயம். குறைந்தது 10 வருஷம் இருந்தால் மாதம் 10,000. பஞ்சப்படி உண்டு. ஊழியர் போனால் துணைக்கு அதில் 60 சதவீதம்.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்:

"சித்தப்பா, அந்த அறுபது சதவீதம் அவ பேர்லயே வருமா?"

பாட்டியின் கொள்ளுப்பேரன்தான் :-)

கெடு நவம்பர் 30 வரை நீட்டப்பட்டது. தேருக்கு ஊருக்கு வந்தவன் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு யுபிஎஸ்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். அது சரியா தப்பா என்று 2050-ல் தெரியும். எல்லோருக்கும் அது சரி என்று நான் சொல்லவில்லை. சந்தை நன்றாக ஏறினால் மற்றதில் கூடக் கிடைக்கலாம். சீக்கிரம் வேலையை விடுகிறவர்களுக்கும் கணக்கு வேறு.

நம்மைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1960-லோ பிறகோ பிறந்த நமக்கு அமெரிக்காவில் முழு சோஷியல் செக்யூரிட்டி 67 வயதில். 1983-ல் மாற்றிய சட்டம் அது. 40 கிரெடிட், அதாவது குறைந்தது பத்து வருஷ வேலை வேண்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதில் ஒப்பந்தம் இல்லாததால், எட்டு ஒன்பது வருஷம் வரி கட்டிவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு அந்தக் காலம் எந்தக் கணக்கிலும் சேராது. கனடா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா, ஜப்பானில் இருப்பவர்களுக்கு ஒப்பந்தம் உண்டு. திரும்புவதாக இருந்தால் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ஊரில் பென்ஷன் வாங்கும் அப்பா அம்மா இருந்தால் அடுத்த லீவில் மூன்று காரியம் செய்யுங்கள். பென்ஷன் உத்தரவை ஒரு காப்பி எடுத்து நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா பாருங்கள். ஆயுள் சான்று எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். 2014 நவம்பரில் கைரேகை வைத்துக் கொடுக்கிற டிஜிட்டல் முறை வந்தது. என் அம்மாவுக்கு அது பெரிய தலைவேதனை. அறுபது வருஷம் அடுப்படியிலும் அப்பளக் கல்லிலும் தேய்ந்த விரலை மெஷின் ஏற்றுக்கொள்ளாது. 2021-ல் முகத்தைப் பார்த்துச் சரிபார்க்கும் முறை வந்த பிறகுதான் விமோசனம்.

இந்தத் தடவை தேர் சமயத்தில் பையன் தன் போனில் அம்மாவுக்கு அதைச் செய்து கொடுத்தானாம். அப்பா 2011-ல் போனதிலிருந்து அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். வீடியோ காலில் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னதும் சிமிட்டினாள். பச்சை டிக் வந்தது.

"ஆச்சா? நான் உயிரோட இருக்கேன்னு ஒத்துண்டுட்டானா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்தவள், பூஜை அலமாரியைத் திறந்து அந்தப் பித்தளைச் சம்புடத்தை எடுத்துப் பையனிடம் கொடுத்தாள்.

"உன் காயிதத்தையும் இதுலயே போட்டு வைடா. தொலையாது."